மாப்பிள்ளைக்குக் குளிக்கத் தண்ணீர்

முன்பெல்லாம் தாழனூரில் நான் கூடையை இறக்கினால் நாலு வீட்டுக் கதவு ஒன்றாகத் திறக்கும். சுனாமி வந்து போன பிறகு என் குரலைக் கேட்டதும் அதே கதவுகளை இழுத்துச் சாத்தினார்கள். நான் கொண்டுபோனது கடல் மீன்கூட இல்லை. எங்கள் குப்பத்தில் ஒருத்தரும் இன்னும் கடலில் இறங்கவில்லை. கழுவெளி ஏரித் தண்ணீரில் யாரோ பிடித்த இறாலை வாங்கி, மரக்காணத்தில் பஸ் ஏறி, திண்டிவனம் ரோட்டில் பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இறங்கி, அங்கிருந்து வெயிலில் தலைச்சுமையாக நடந்து போயிருந்தேன். அப்படிப் போனவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை.

சின்னப்பாப்பா மட்டும் வெளியே வந்தாள். நான் கூடை தூக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னிடம் வாங்குகிறவள். அவளுடைய பிள்ளைகளுக்கு முள் எடுக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று சொல்லிக்கொள்வேன்.

"கழுவெளி எறாக்கா இது. கடல்ல புடிச்சதில்ல. தொட்டுப் பாரு, இன்னும் துடிக்குது" என்றேன்.

"எதுல புடிச்சா என்னா பாஞ்சால, எல்லாம் ஒரே தண்ணிதானே. பொணம் தின்ன மீனைப் புள்ளைங்களுக்கு எப்படி ஆக்கிப் போடறது, நீயே சொல்லு."

அவள் சொன்ன பிணங்களில் ஒன்று என் கொழுந்தன் கிருபா. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனும் தம்பியுமாக மணலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடல் வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு தென்னை மரத்தில் மோதி அதைப் பிடித்துக்கொண்டார். கிருபாவுக்கு மரம் அகப்படவில்லை. இன்று வரை அவன் உடம்பும் கிடைக்கவில்லை. இதெல்லாம் சின்னப்பாப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள், சொன்னது அவளுக்கே உறைக்கவில்லை. எனக்கு அப்படியே கூடையை அவள் வாசலில் கவிழ்த்துவிட்டு வந்துவிடலாமா என்று இருந்தது.

"இன்னொரு விஷயம் தெரியுமா உனக்கு?" என்றாள். "இந்த வருசம் மகத்துக்கு சாமி கடலுக்கு வரலியாம்."

கூடையைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தாழனூர்ப் பெருமாள் எங்கள் குப்பத்துக்கு மாப்பிள்ளை. அவருடைய சம்சாரமான தாயாரை எங்கள் ஆட்கள்தான் வலையில் வந்த குழந்தையாக எடுத்து வளர்த்துக் கட்டிக் கொடுத்தார்களாம். நிஜமோ கதையோ, வருஷா வருஷம் மாசி மகத்தன்று மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வருவார். தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும்தான் தாழனூர்க்காரர்கள் தோள். மணல் ஆரம்பித்ததும் பல்லக்கு எங்கள் ஆம்பிளைகள் தோளுக்கு மாறிவிடும். வருஷம் முழுக்க எங்களை எட்டி நிற்கச் சொல்கிறவர்களின் சாமி அன்று ஒரு நாள் எங்கள் தோளில் ஏறி வந்து கடலில் முழுகும். பந்தல் போட்டு, பட்டு வேட்டி வைத்து, பழத்தட்டு வைத்து, பெண்கள் எல்லோரும் அவரைக் கேலி செய்வோம். "வருசத்துக்கு ஒருவாட்டி குளிக்கற மாப்பிள்ளைக்கு இம்மாம் மேளமா?" என்று நான்தான் முதலில் ஆரம்பிப்பேன். தாழனூர்க்காரர்களும் சிரிப்பார்கள். அன்றைக்கு மட்டும் அவர்களுக்குக் கோபம் வராது.

அந்த மாப்பிள்ளை வரவில்லை என்றால் எனக்கு ஏன் தலை சுற்ற வேண்டும் என்று கேட்டால், காரணம் இருக்கிறது. கிருபாவுக்கும் மற்றவர்களுக்கும் கருமாதி முடிந்ததும் எங்கள் ஊர்த் தலைவரான நாட்டார் பக்கிரி ஊரைக் கூட்டி ஒரு முடிவு சொல்லியிருந்தார். மகத்தன்று சாமி முதலில் கடலில் முழுகட்டும், அதற்குப் பிறகுதான் படகு இறங்க வேண்டும். அது வரைக்கும் யாரும் கடலில் கால் வைக்கக் கூடாது. எல்லோரும் சரி என்றார்கள். நானும்தான் சரி என்றேன். மகம் எப்போது வரும் என்று பொங்கலிலிருந்து நான் காத்திருந்தேன். என் வீட்டுக்காரர் மறுபடியும் கடலுக்குப் போக வேண்டும், நாங்கள் பிச்சைக்காரர்கள் போல நிவாரண வரிசையில் நிற்பது முடிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நேராக சகாதேவனின் ரைஸ் மில்லுக்குப் போனேன். கோயில் தர்மகர்த்தா அவர். நல்ல மனுஷர், எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

"மாப்பிள்ளை வரமாட்டாராமே?" என்றேன் வாசலிலிருந்தே.

"வாம்மா. நானே சொல்லி அனுப்பணும்னு இருந்தேன். கோச்சுக்காத. மகம் அன்னைக்குப் பௌர்ணமி. கடல் வந்த அன்னைக்கும் பௌர்ணமி. டிவியில ஒருத்தன் ஒண்ணு சொல்றான், ஜோசியக்காரன் ஒண்ணு சொல்றான். ஊரே கொழந்தை குட்டியோட டிராக்டர்ல ஏறி வரும். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"இத்தினி வருசம் வந்தாரே, ஏதாச்சும் ஆச்சுங்களா?"

"இத்தினி வருசம் கடல் ஊருக்குள்ள வரலியே பாஞ்சால."

பதில் இல்லாதபோதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நின்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பட்டரைக் கேட்டேன். கடல் தண்ணி இங்க வந்தாப் போதும், கோயில்லயே தீர்த்தவாரி பண்ணிடலாம்னு சொல்லிட்டாரு. நீ பஸ்ல வந்து போறவதானே. மகத்தன்னைக்குக் காலையில ஒரு கொடம் கொண்டாந்துடேன்."

மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வரமாட்டார், குளிக்கிற தண்ணீரை மட்டும் பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டும். இதை நான் எங்கே போய்ச் சொல்வது? "பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, விற்காத இறாலைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் அது நாறத் தொடங்கியது, கண்டக்டர் என்னைக் கடைசி சீட்டுக்குப் போகச் சொன்னான்.

அப்போது நாங்கள் இருந்தது தார் ஷீட் கொட்டகையில். பகலில் உள்ளே உட்கார்ந்தால் மூளை வெந்துவிடும். எங்கெங்கிருந்தோ மூட்டை மூட்டையாகப் பழைய துணி வந்து இறங்கியது, பிரித்தால் கம்பளி ஸ்வெட்டர். குடியரசு தினத்தன்று ஒரு நிவாரணக் குழு வந்து கொட்டகைக்கு முன்னால் கம்பம் நட்டுக் கொடி ஏற்றியது. எங்களை வரிசையாக நிற்க வைத்து, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. இன்னொரு குழு புது ஃபைபர் படகுகளைக் கொடுத்தது. ஒவ்வொன்றிலும் கொடுத்தவர்களுடைய பெயர் என் உயரத்துக்கு எழுதியிருந்தது. அவை எல்லாம் மணலில் வரிசையாக நின்றன. ஆம்பிளைகள் அவற்றின் நிழலில் உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். கிட்டத்தட்ட இரண்டு மாதமாக அந்தப் படகுகள் செய்த வேலை நிழல் கொடுத்ததுதான்.

சாயங்காலம் பக்கிரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"வர இஷ்டமில்லாத மாப்பிள்ளைக்குத் தண்ணி ஒரு கேடா? நம்ம கரையிலேர்ந்து ஒரு சொட்டு போவக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரி, போவ வேணாம். அப்ப போட்டு எப்ப எறங்கும்?"

"சாமி வந்து முழுகினாதான் எறங்கும்."

"சாமி வரமாட்டாருன்னு இப்பதானே சொன்னேன்."

"அப்ப எறங்காது."

"எப்பதான் எறங்கும்?"

"சாமி வந்தாதான்."

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் அந்த ஊரில் சுவரும் மிச்சமில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பெயர் காசிலிங்கம். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள், எனக்கு இருந்த ஆத்திரத்தில் அன்று அதையும் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் காதில் விழாதவர் மாதிரி ஒரு வலைத் துண்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடியும் போட்டார்.

கொட்டகைக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அவங்க சாமியக் கூட்டியாரப் பயப்படறாங்க. நீங்க சாமி மேல பழியப் போட்டுட்டு ஒக்காந்திருக்கீங்க. ரெண்டு ஊருக்கும் என்னாய்யா வித்தியாசம்?"

அவர் சட்டையைத் தேடினார்.

"பயந்தாங்கொள்ளின்னு வாயத் தொறந்து சொல்லிட்டுப் போயேன். நானும் நிம்மதியா இருப்பேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் சண்டைக்கு இழுக்கும்போதெல்லாம் அவர் செய்வது அதுதான். எங்கே போகிறார் என்று நான் கேட்டதில்லை. சாராயக் கடைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். பக்கிரி என்ன சொன்னாலும் சொல்லட்டும், தண்ணீரை நான் கொண்டுபோகிறேன். கோயிலிலேயே தீர்த்தவாரி நடந்துவிட்டால், "சாமி நம்ம கடல் தண்ணியில முழுகியாச்சு, இனிமே என்னா சாக்கு?" என்று இந்த ஆம்பிளைகளின் முகத்துக்கு நேராகக் கேட்கலாம். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மகத்தன்று விடியும்போது புதுப் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். மற்ற வருஷமாக இருந்தால் அந்த நேரத்துக்குப் பந்தலில் வாழை மரம் கட்டியிருப்பார்கள், மைக் செட் அலறிக்கொண்டிருக்கும், பலூன்காரனும் வளையல்காரியும் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்கள். அன்று நாய்கூட இல்லை. படகு ஒன்றின் மறைவில் யாரோ துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறவன் எவனோ என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன்.

கடல் சாதுவாக இருந்தது. ஒரு குடம் தண்ணீர் மொள்ள எவ்வளவு தூரம் போக வேண்டும்? முழங்கால் நனைந்தால் போதும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். அலை நுரைத்துக்கொண்டு வந்தது, நான் பின்னால் நகர்ந்தேன். அது போனதும் இரண்டு எட்டு முன்னால் வைத்தேன். அடுத்தது வந்தது, மறுபடியும் பின்னால் போனேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீரில் கால் கழுவியவள் நான். கிருபாவின் வலை முழுக்க மணலோடு சுருண்டு கிடந்ததே, அது ஞாபகம் வந்தது. எவ்வளவு நேரம் அப்படி முன்னும் பின்னும் நடந்தேன் என்று தெரியாது. கடைசியில் அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது.

வராத மாப்பிள்ளைக்கு நான் ஏன் இத்தனை பாடுபட வேண்டும்? பயம் என்றால் எல்லோருக்கும்தான் பயம். அவர்கள் ஊரில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு பயப்படுவார்கள், நான் மட்டும் இறங்கி மொண்டு தர வேண்டுமா? திரும்பி நடந்தேன். ரோட்டோரம் நிவாரணத்துக்காக வைத்திருந்த கறுப்புச் சின்டெக்ஸ் டேங்க் நின்றது. குழாயைத் திறந்து குடத்தை நிரப்பினேன். வாயில் துணியைப் போட்டு இறுக்கக் கட்டினேன். போங்கடா என்று வாய்விட்டே சொன்னேன்.

மரக்காணம் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். அப்போதுதான் உப்பு வார ஆரம்பித்திருந்தார்கள், வரப்பு முழுக்கக் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு பிடி அள்ளிக் குடத்தில் போட்டிருந்தால் எந்தப் பட்டருக்கும் தெரிந்திருக்காது. அந்த உப்புக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. பஸ் பாதி தூரம் போன பிறகுதான் நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அங்கே ஜன்னலுக்கு வெளியே வேர்க்கடலைக் கொல்லைதான் இருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து தாழனூர் முனைக்கு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் "பாக்கறேன்" என்றதையே வாக்காக எடுத்துக்கொண்டு ஊரே நின்றுகொண்டிருந்தது. மேளம், நாதஸ்வரம், பெருமாளுக்கு மேல் பிடிக்கிற குடை. தலைப்பாகை கட்டிய சகாதேவன் முன்னால் வந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மீன் கூடையோடு வந்தால் கதவைச் சாத்துகிறவர்கள் குடத்தோடு வந்தவளுக்குக் குடை பிடித்துத் தெருவில் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்னப்பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. டேங்க் தண்ணீருக்கு இவ்வளவு மரியாதையா என்று சிரிப்பு வர வேண்டும், வரவில்லை. மாட்டிக்கொண்டால் என்னை மட்டுமா திட்டுவார்கள்? எங்கள் குப்பத்தையே அல்லவா ஏமாற்றுக்காரக் கூட்டம் என்பார்கள்.

கோயில் வாசலில் குடத்தை வாங்கிக்கொண்டு என்னை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று என்று தூணோடு ஒட்டி நின்றேன். உள்ளே பெருமாளை அண்டாவில் நிற்க வைத்துப் பட்டர் மந்திரம் சொல்லி ஊற்றினார். பிறகு அந்தத் தண்ணீரைக் கூட்டத்தின் மேல் தெளித்துக்கொண்டே வாசல் வரை வந்தார். கடல் தண்ணீர் என்பதால் யாருக்கும் குடிக்கக் கொடுக்கவில்லை. ஆனால் தெளித்த தண்ணீர் சின்னப்பாப்பாவின் உதட்டில் பட்டுவிட்டது. அவள் நாக்கால் தடவினாள். இன்னொரு முறை தடவினாள்.

"உப்பே இல்லியே" என்றாள்.

பக்கத்தில் நின்றவள் தன் கையில் விழுந்திருந்த சொட்டை நக்கிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவரும் பார்த்தார். பட்டரும் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். அவர் கண் விரிந்தது. சரி, இதோ மாட்டிக்கொண்டேன் என்று ஓடத் தயாரானேன்.

"இனிக்குதுடி!" என்று சின்னப்பாப்பா அலறினாள். "பெருமாள் மேல பட்டதும் உப்புத் தண்ணி இனிச்சுடுச்சுடி!"

"கோவிந்தா!" என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் எல்லோரும் கத்தினார்கள். மேளக்காரர்கள் அடித்த அடியில் கோயில் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. அண்டாத் தண்ணீருக்குச் சொம்போடும் டம்ளரோடும் கூட்டம் முட்டி மோதியது. கடல் சாந்தமாயிடுச்சு என்றார்கள். கடலோட கோவத்தையெல்லாம் சாமி வாங்கிக்கிட்டார் என்றார்கள். ஒரு கிழவர் என் காலில் விழ வந்தார், நான் தள்ளிக் குதித்தேன்.

"ஐயோ, அது டேங்க் தண்ணிங்க!" என்று நானும் கத்தினேன். என் தொண்டை மீன் விற்ற தொண்டை, நாலு தெருவுக்குக் கேட்கும். அன்றைக்கு ஒருத்தர் காதிலும் விழவில்லை.

சகாதேவனைச் சட்டையைப் பிடிக்காத குறையாக ஓரமாக இழுத்தேன். "நான் கடல்ல எறங்கவே இல்லிங்க. சின்டெக்ஸ் டேங்க்குல புடிச்ச தண்ணி அது. அதான் உப்பு இல்ல. நீங்களாவது சொல்லுங்க."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"உப்புத் தண்ணிய அவன் இனிப்பாக்கினா என்னா, உன் மனச மாத்தி நல்ல தண்ணியக் கொண்டார வச்சா என்னா? ரெண்டும் அவன் வேலைதானே பாஞ்சால."

இப்படிப் பேசுகிற மனுஷரை நான் என்ன செய்வது? சாமிக்கு ஆகட்டும், இவருக்கு ஆகட்டும், எந்தப் பக்கம் போனாலும் வழி வைத்திருந்தார்கள். அதோடு விட்டாரா? "இனிமே வருசா வருசம் இங்கேயே நடத்திடலாம். யாரும் அவ்ளோ தூரம் அலைய வேணாம். தண்ணி நீதான் கொண்டாரணும்" என்று என் தலையிலேயே அதையும் கட்டினார். மாப்பிள்ளை எங்கள் கரைக்கு வருகிற வழியை நானே மண்ணைப் போட்டு மூடிவிட்டேன்.

கிளம்பும்போது சின்னப்பாப்பா ஓடி வந்தாள். "நாளைக்கு எறா கொண்டா பாஞ்சால. மீன் இருந்தாலும் கொண்டா. இனிமே ஒண்ணும் இல்ல." மற்ற வீடுகளிலும் அதையே சொன்னார்கள். நான் வேண்டிக்கொண்டதுதான் அது. கேட்டபோது சந்தோஷம் வரவில்லை, ஓவென்று கத்தத்தான் தோன்றியது.

நான் பஸ் பிடித்து ஊர் வந்து சேர்வதற்குள் சகாதேவன் பக்கிரியின் செல்லுக்குப் போன் போட்டுவிட்டிருந்தார். குப்பத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது. ஒரு சொட்டு போகக் கூடாது என்று கத்திய அதே பக்கிரி, "நம்ம கரைத் தண்ணிடா! நம்ம ஊருப் பொண்ணு கொண்டுபோன தண்ணி!" என்று துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். சூரியன் சாய்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. முதல் படகை இறக்கி, வலையைப் போட்டுவிட்டு வந்து காலையில் எடுக்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். முன்பக்கத்தில் கற்பூரம் எரிந்தது. பின்பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர்.

இரண்டு மாதமாக இவரைக் கடலுக்குப் போ போ என்று விரட்டியவள் நான். இப்போது போகிறார். எதை நம்பிப் போகிறார்? குழாயில் நான் பிடித்த ஒரு குடம் தண்ணீரை நம்பி. சாமி முழுகாத கடலில் இவரை நானே பொய் சொல்லி இறக்குகிறேன். ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்?

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தண்ணீரின் ஓரம் வரை ஓடினேன். அங்கே நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவர் கரைக்கு வந்தார். காதருகே போய்ச் சொன்னேன்.

"போவாதய்யா. சாமி நம்ம தண்ணியில குளிக்கல. நான் கொண்டுபோனது டேங்க் தண்ணி."

"தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"காலையில போட்டு மறைவுல நான்தான் படுத்திருந்தேன். நீ கொடத்த வச்சிக்கினு நின்னதையும் பாத்தேன். அலை வந்தா பின்னாடி போனதையும் பாத்தேன். அழுதுட்டு டேங்க்குக்குப் போனியே, அதையும் பாத்தேன்."

முகம் பற்றிக்கொண்டு எரிந்தது. "பாத்துட்டு சும்மாவா படுத்திருந்த?"

"என்னா பண்ணச் சொல்ற? நீ திட்டுறப்பல்லாம் அங்கதான் வந்து படுத்துக்கறேன். விடிஞ்சா எறங்கிடலாம்னு கெளம்புவேன். அலை வரும், உன்ன மாதிரியே நானும் பின்னாடி போயிடுவேன்." படகைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் அப்படித்தான்னு பாத்ததும் எனக்கு என்னாவோ லேசாயிடுச்சு."

"சாமி முழுகலியேய்யா."

"சாமி முழுகாத கடல்லதானே கிருபா இருக்கான்" என்றார். "நான் எறங்கறதுக்கு என்னா?"

பதில் இல்லாதபோது எனக்கு என்ன வரும் என்று முன்பே சொன்னேன். அவர் திரும்பிப் படகுக்கு நடந்தார், நான் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். காலையிலேயே எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தாழனூருக்குப் போயிருப்பேனா? கிழவன் என் காலில் விழ வந்திருப்பானா? இனிமேல் வருஷா வருஷம் நான் தண்ணீர் தூக்க வேண்டுமே, அதற்கு யார் பதில் சொல்வது? ஊமை மாதிரி ஒரு புருஷன், உள்ளதைச் சொன்னாலும் அதையும் சாமி வேலை என்கிற ஒரு தர்மகர்த்தா, வேளைக்கு ஒன்று பேசுகிற ஒரு நாட்டார், இவர்களுக்கு நடுவில் நான் என்ன பாவம் செய்தேன்?

"வாய் பேசறது இருக்கட்டும். கை குடு, தள்ளு" என்றார் அவர்.

அவரைத் திட்டுவதை நிறுத்தாமலே படகின் பின்பக்கத்தில் கை வைத்துத் தள்ளினேன். அவர் உள்ளே தாவி ஏறினார். படகு ஒரு அலையில் எழும்பி என் கையை விட்டுப் போயிற்று. திட்டி முடித்து, மூச்சு வாங்கிக் கீழே பார்த்தபோது நான் இடுப்பு வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.